நைனாவுக்கு 70 வயசு, கியூபா பார்க்கணுமாம்: குடியாத்தத்திலிருந்து மூணு பேர் கிளம்பலாமா?

பீடிக்கட்டு, குடியாத்தம்

வணக்கம். வரும் தை மாதம் நைனாவுக்கு 70 முடிகிறது. பீமரத சாந்தி செய்துவிடலாம் என்று சித்தப்பா பேச்செடுத்தார். நைனா லுங்கித் தறி நெய்த காலத்திலிருந்து சங்கத்து ஆள். ஹோமம் என்றாலே எழுந்து திண்ணைக்குப் போய்விடுவார். "அந்தச் செலவை வச்சு என்னைக் கியூபாவுல இறக்கி விடுங்கடா, சேகுவேரா சமாதியைப் பார்த்துட்டு வந்துடறேன்" என்றார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று விட்டுவிட்டோம். மறுநாள் காலையில் ரேஷன் கார்டு, ஆதார் எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு, "பாஸ்போர்ட்டுக்கு இது போதுமா பாரு" என்று வந்து நின்றார். இப்போது நைனா, அம்மா இருவருக்கும் பாஸ்போர்ட் வந்துவிட்டது. இனி நான் தப்பிக்க முடியாது.

நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். சீட்டு எடுத்த பணம் 8 லட்சம் கையில் இருக்கிறது. நான், நைனா, அம்மா மூன்று பேர்தான். வீட்டுக்காரியும் பிள்ளைகளும் பரீட்சை இருப்பதால் வரவில்லை. விமானத்தில் போகிற நாள் போக 12 நாள் அங்கே இருக்கலாம். யூடியூப் பார்த்து நான் போட்ட கணக்கு: ஹவானா 2 நாள், வின்யாலெஸ் 1, சியன்ஃபுவேகோஸ் 1, டிரினிடாட் 2, சாண்டா கிளாரா 1, சாண்டியாகோ 3, கடைசியில் வரதேரோ கடற்கரை 2.

நைனா காலை இரவு இரண்டு வேளையும் இன்சுலின் போடுகிறார். அம்மா முப்பது வருஷம் பீடி சுற்றியதால் இடுப்பு வலி. ரொம்ப நேரம் உட்கார்ந்து வர முடியாது. மாட்டுக்கறி, பன்றிக்கறி இரண்டும் தொட மாட்டார். செவ்வாய் வெள்ளி முட்டைகூடக் கிடையாது. நைனாவுக்கு மே 1 அன்று அங்கே இருக்க வேண்டும் என்று ஆசை, புரட்சிச் சதுக்கத்தில் பேரணி நடக்குமாம். எனக்கு ஜனவரிதான் தோது.

விசா எப்படி, பணம் எப்படிக் கொண்டுபோவது, அங்கே கரண்ட் இல்லை என்கிறார்களே அது எவ்வளவு நிஜம்? அமெரிக்காவில் இருக்கிற என் தம்பியும் நேராக ஹவானா வந்து சேர்ந்துகொள்வதாகச் சொல்கிறான். போனவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

காட்பாடி ஜங்ஷன்

கியூபா போனதில்லை. ஆனால் டிக்கெட் போடுவது என் பிழைப்பு, அதனால் வழி மட்டும் சொல்கிறேன். இந்தியாவிலிருந்து ஹவானாவுக்கு நேர் விமானம் கிடையாது. பெரியவர்களோடு போகிறீர்கள், இஸ்தான்புல் வழியாகப் போங்கள். மும்பை அல்லது டெல்லி போய், அங்கிருந்து இஸ்தான்புல், அப்புறம் ஒரே மூச்சாக ஹவானா. கடைசித் துண்டு மட்டும் பதின்மூன்று மணி நேரத்தை ஒட்டி வரும். இஸ்தான்புல்லில் ஏர்போர்ட்டை விட்டு வெளியே வராமல் விமானம் மாறினால் நமக்கு விசா வேண்டாம். டொரண்டோ வழியாக மலிவாகத் தெரியும், ஆசைப்படாதீர்கள். அங்கே கால் வைக்காமல் மாறினாலும் கனடா டிரான்சிட் விசா கேட்பார்கள். ஐரோப்பா வழியாகப் போவதானால் எந்த ஊரில் மாறுகிறீர்களோ அந்த நாட்டு விதியைப் பார்த்துவிட்டுத்தான் பணம் கட்ட வேண்டும்.

அம்மாவின் இடுப்புக்கு இஸ்தான்புல்லில் ஒரு ராத்திரி நிறுத்தலாமே என்று தோன்றும். வெளியே வந்தால் துருக்கி விசா வேறு. அதற்குப் பதில் டிக்கெட் போடும்போதே இரண்டு பேருக்கும் வீல்சேர் என்று போட்டுவிடுங்கள். கூச்சப்பட வேண்டாம். மூன்று டிக்கெட்டுக்கே உங்கள் 8 லட்சத்தில் பாதி போய்விடும் என்று வைத்துக்கொண்டு மீதியைக் கணக்குப் போடுங்கள்.

மக்கன்பேடா, ராணிப்பேட்டை

தம்பி, நானும் என் வீட்டுக்காரரும் போய் வந்தோம், 19 நாள். உங்கள் கணக்கைப் பார்த்தேன். பன்னிரண்டு நாளில் ஏழு ஊர். எழுபது வயசுக்காரரைக் கூட்டிக்கொண்டு போகிறீர்களா, எலெக்‌ஷன் பிரசாரத்துக்குப் போகிறீர்களா?

முதலில் சாண்டியாகோவை அடித்துவிடுங்கள். ஹவானாவிலிருந்து 860 கிலோமீட்டருக்குக் குறையாது. குடியாத்தத்திலிருந்து கன்னியாகுமரி போவதைவிடத் தூரம், அதுவும் டீசல் கிடைத்தால் ஓடுகிற பஸ்ஸில். ஃபிடல் அடக்கமான இடம் அங்கேதான், நைனா கேட்பார், தெரியும். ஒரு பெரிய பாறை, அதில் ஃபிடல் என்று ஒரே ஒரு சொல், அவ்வளவுதான். தன் பெயரில் தெரு, சிலை எதுவும் வைக்கக்கூடாது என்று அவர் சொல்லிவிட்டுப் போய், 2016 டிசம்பரில் அதைச் சட்டமாகவே போட்டார்கள். நம்ம ஊரில் முச்சந்திக்கு முச்சந்தி கூண்டுக்குள் நிற்கிற சிலைகளைப் பார்த்து வளர்ந்த எனக்கு அது பெரிய ஆச்சரியம். வரதேரோவும் வேண்டாம். இருபது கிலோமீட்டர் வெள்ளை மணல், நல்ல கடல், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கையில் பட்டை கட்டிவிட்டு மூன்று வேளையும் போடுகிற ஓட்டலில் உட்கார்ந்தால் கியூபாக்காரர்களை வேலை செய்யும்போது மட்டும்தான் பார்ப்பீர்கள். அம்மா கடலில் இறங்குவார்களா? புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கணுக்கால் நனைப்பார்கள். அதை ஹவானாவிலேயே நனைக்கலாம்.

ஹவானா 5, வின்யாலெஸ் 3, டிரினிடாட் 3, போகிற வழியில் சாண்டா கிளாரா. திரும்பி வந்து விமானத்துக்கு முதல் நாள் ஹவானாவில் சும்மா இருக்க வேண்டும். வண்டி கிடைக்காமல் போனால் அந்த ஒரு நாள்தான் காப்பாற்றும்.

தங்குவது வீடுகளில். காசா பர்திகுலார் என்பார்கள், வாடகைக்கு விட அரசாங்கம் அனுமதி கொடுத்த வீடு. வாசலில் நீல நிறத்தில் நங்கூரம் மாதிரி ஒரு குறி இருக்கும். அறைக்கு 25, 30 டாலர் கொடுத்தோம், காலைச் சாப்பாட்டுக்குத் தனியாக ஆளுக்கு ஐந்து. பப்பாளி, கொய்யா, அன்னாசி, முட்டை, ரொட்டி, காபி. காபியில் அவர்களே சர்க்கரையைக் கொட்டிவிடுவார்கள், நைனாவுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். "சின் அசூகர்" என்றால் சர்க்கரை இல்லாமல். இந்த ஒன்றை நைனாவையே மனப்பாடம் பண்ணச் சொல்லுங்கள்.

பணம். கார்டை நம்பிப் போகாதீர்கள். அமெரிக்க வங்கிக் கார்டு சுத்தமாக வேலை செய்யாது, நம்ம ஊர்க் கார்டு வேலை செய்தால் அன்றைக்கு அதிர்ஷ்டம். நோட்டாக யூரோவோ டாலரோ எடுத்துப் போங்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி ஒருவர் ஒரு பயணத்துக்கு 3000 டாலர் வரை நோட்டாக வாங்கலாம், மூன்று பேருக்கு அதுவே மிச்சம். கிழிந்த நோட்டு, பேனாவால் எழுதிய நோட்டு வாங்க மாட்டார்கள். ஐந்தும் பத்துமாகக் கேட்டு வாங்குங்கள். சில்லறை இருக்காது. முன்பு டூரிஸ்டுக்குத் தனி நாணயம், ஊர்க்காரருக்குத் தனி நாணயம் என்று இரண்டு ஓடிக்கொண்டிருந்தது. 2021 ஜனவரி 1 அன்று டூரிஸ்ட் நாணயத்தை ஒழித்துவிட்டார்கள். பழைய யூடியூபில் சொல்லும் 'செ.உ.செ' (CUC) அதுதான், இனி இல்லை. 2022ல் வங்கி விலை ஒரு டாலருக்கு 120 பேசோ என்று வைத்தார்கள், தெருவில் அதைப்போல் சில மடங்கு. தெருவில் மாற்றுவது சட்டப்படி குற்றம். வீட்டு வாடகை, டாக்சி எல்லாம் டாலராகவே வாங்கிக்கொள்வார்கள் என்பதால் நாங்கள் மிகக் கொஞ்சம்தான் மாற்றினோம்.

விசா பயப்பட ஒன்றுமில்லை. நாங்கள் போனபோது டூரிஸ்ட் சீட்டு என்று பச்சைக் காகிதம் கொடுத்தார்கள். இப்போது அதை நிறுத்திவிட்டு இ-விசா. அதன் எண்ணைப் போட்டு 'டெ வியஹேரோஸ்' என்ற அரசாங்க இணையப் பக்கத்தில் படிவம் நிரப்பினால் க்யூஆர் கோடு வரும். இறங்குவதற்கு முந்தைய ஏழு நாளுக்குள் நிரப்ப வேண்டும். அதைக் காகிதத்தில் அடித்து எடுத்துக்கொள்ளுங்கள். ஏர்போர்ட்டில் நெட்டை நம்ப முடியாது. மருத்துவ இன்சூரன்ஸ் கட்டாயம், அதில் கியூபா என்று பெயர் போட்டிருக்கிறதா என்று எழுத்து எழுத்தாகப் படியுங்கள். 'உலகம் முழுக்க' என்று விற்பதில் கியூபாவை மட்டும் விட்டிருப்பார்கள்.

கரண்ட் கேட்டீர்களே. 2012ல் நம்ம பக்கம் பட்ட பாடு ஞாபகம் இருக்கிறதா, ராத்திரி முழுக்க விசிறிமட்டையோடு மொட்டைமாடியில் கிடந்தோமே? அது போல, அதைவிட மோசம். 2024 அக்டோபர் 18 அன்று மதன்சாசில் இருக்கிற பெரிய மின் நிலையம் ஒன்று நின்றதும் நாடே இருட்டானது. அதற்குப் பிறகும் சில தடவை அப்படி ஆகிவிட்டது. எண்ணெய் வாங்கப் பணம் இல்லை, நிலையங்கள் எல்லாம் கிழடு. கரண்ட் கட்டுக்கு அவர்கள் சொல் 'அபகோன்'. இறங்கிய இரண்டாம் நாளே நமக்கும் வாயில் வந்துவிடும். வீடு புக் பண்ணும்போது இன்வெர்ட்டரோ ஜெனரேட்டரோ இருக்கிறதா என்று கேளுங்கள். இன்சுலினுக்கு ஃபிரிட்ஜை நம்பாதீர்கள். தண்ணீரில் நனைத்தால் குளிர்ச்சியாகும் பை மருந்துக் கடையில் விற்கிறது, இரண்டு வாங்குங்கள். டாக்டர் சீட்டோடு எல்லாம் கைப்பையில், பாதிப் பாதியாக இருவர் பையில். அங்கே மருந்துக் கடைக்குப் போனால் அலமாரிதான் இருக்கும். பேண்டேஜிலிருந்து ஜெலூசில் வரை இங்கிருந்தே. கொசு மருந்தும் அப்படித்தான், டெங்கு அங்கேயும் உண்டு.

ஜனவரியே நல்லது. மழை புயல் ஜூன் முதல் நவம்பர் வரை. மே தினப் பேரணியை நம்பித் தேதி வைக்காதீர்கள். 2023ல் பெட்ரோல் டீசல் இல்லாமல் அந்தச் சதுக்கத்தில் பேரணியே வைக்கவில்லை.

மீதி ராத்திரி எழுதுகிறேன், குக்கர் கூப்பிடுகிறது.

ஏலகிரிக் காத்து, ஜோலார்பேட்டை

எனக்கு ஒன்று புரியவில்லை. கரண்ட் இல்லை, மருந்து இல்லை, டீசல் இல்லை, ஜனங்கள் ரொட்டிக்கு வரிசையில் நிற்கிறார்கள். ஒரே கட்சி, எதிர்த்துப் பேசினால் உள்ளே. 2021 ஜூலை 11 அன்று தெருவுக்கு வந்த ஜனங்களில் எத்தனை பேரை ஜெயிலில் போட்டார்கள் என்று நைனாவுக்குத் தெரியுமா? அந்த நாட்டுக்கு 8 லட்சம் செலவழித்து வேடிக்கை பார்க்கப் போவது எப்படிச் சரி? நாம் தின்கிற முட்டை இன்னொருத்தர் வீட்டு முட்டைதானே. இலங்கைக்கோ வியட்நாமுக்கோ கூட்டிக்கொண்டு போங்கள். வியட்நாமும் கம்யூனிஸ்ட்தான், பக்கம், மலிவு, கரண்டும் இருக்கும். ஹோ சி மின் உடலையே பார்த்துவிட்டு வரலாம்.

பீடிக்கட்டு, குடியாத்தம்

அக்கா, ரொம்ப நன்றி. ஏலகிரி அண்ணே, நீங்கள் கேட்டதை அப்படியே நைனாவுக்குப் படித்துக் காட்டினேன். ஜூலை 11 பற்றிக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. "தெரியும். பேப்பர்ல படிச்சேன். பசியில கேட்டவனை உள்ள போடறது தப்புதான்" என்றார். அதை அவர் வாயிலிருந்து கேட்பேன் என்று நான் நினைக்கவில்லை. வியட்நாம் என்றதும் மட்டும் சிரித்துவிட்டார். "சோவியத் உடைஞ்சப்புறம் அவனுங்க பட்டினி கெடந்தப்ப, 92ல நம்ம மார்க்சிஸ்ட் கட்சி பத்தாயிரம் டன் கோதுமை சேர்த்துக் கப்பல்ல அனுப்பிச்சு. தலைவர் சுர்ஜித் முன்ன நின்னு நடத்தினாரு. நான் இந்தக் குடியாத்தம் பஜார்ல கடை கடையா உண்டியல் குலுக்கினேன். நான் போட்ட கோதுமைக்கு ஒரு ரொட்டி தின்னுட்டு வரக்கூடாதா?" என்கிறார். இதற்கு நான் என்ன பதில் சொல்வது?

ஆனால் முட்டை விஷயம் அம்மாவுக்கு உறுத்திவிட்டது. "நம்ம போய் அவங்க ரேஷனைத் தின்னுட்டு வர்றதா" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டார். மக்கன்பேடா அக்கா, இதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். அம்மா எதைச் சாப்பிடுவார் என்பதையும்.

தொரப்பாடி டு டல்லாஸ்

உங்கள் தம்பிக்காக. அமெரிக்காவிலிருந்து ஹவானாவுக்கு விமானம் இருக்கிறது, ஆனால் 'சுற்றிப் பார்க்க' என்று போக அமெரிக்கச் சட்டத்தில் இடமில்லை. அனுமதித்த 12 வகைகள் இருக்கின்றன: குடும்பத்தைப் பார்க்க, மத வேலை, பத்திரிகை வேலை, கியூபா மக்களுக்கு ஆதரவு என்று. டூரிஸம் அதில் இல்லை. அமெரிக்கக் குடிமகன் என்றில்லை, ஹெச்1பி வேலை விசாவில் இங்கே குடியிருப்பவரும் இதில் அடக்கம். பலரும் 'மக்களுக்கு ஆதரவு' வகையில் வீடுகளில் தங்கி, தனியார் கடையில் சாப்பிட்டு, என்ன செய்தோம் என்று குறித்து வைத்துக்கொண்டு வருகிறார்கள். ஆனால் ஹெச்1பி ஸ்டாம்பிங் நிலுவையில் இருப்பவனுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: வக்கீலைக் கேட்காமல் வராதே. அவன் கார்டும் அங்கே செல்லாது, வந்தால் அவனும் நோட்டுக்கட்டோடுதான் வர வேண்டும். நைனாவை இஸ்தான்புல் ஏர்போர்ட்டில் வீடியோ காலில் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

மக்கன்பேடா, ராணிப்பேட்டை

அம்மா கேட்டது நியாயம். நானும் அதையே கேட்டுக்கொண்டுதான் போனேன்.

அங்கேயும் ரேஷன் கடை உண்டு, 1962 முதல். கார்டுக்கு லிப்ரெத்தா என்று பெயர், கடை போதேகா. நம்ம கடை மாதிரியே ஒரு கரும்பலகை, இந்த மாதம் அரிசி வந்தது, எண்ணெய் வரவில்லை என்று சாக்பீஸில் எழுதி. தராசு, மூட்டை, கவுண்டருக்குப் பின்னால் சலித்துப்போன ஒரு அம்மா. ராணிப்பேட்டைதானா இது என்று ஒரு நொடி திகைத்துவிட்டேன். ஆளுக்கு நாளுக்கு ஒரு ரொட்டி. அதன் எடையை 2024ல் 80 கிராமிலிருந்து 60 ஆக்கிவிட்டார்கள். அந்த ரொட்டியை உங்களுக்கு வைக்க மாட்டார்கள். வீடு வாடகைக்கு விடுபவர்கள் டாலரில் தனியார் கடையில் வாங்கித்தான் சமைக்கிறார்கள். நீங்கள் கொடுக்கிற 30 டாலர் ஒரு அரசாங்க டாக்டரின் மாதச் சம்பளத்துக்குப் பக்கத்தில் வரும். எங்கள் வீட்டுக்கார அம்மாவின் மகள் பல் டாக்டர், அவளே வேலையை விட்டுவிட்டு எங்களுக்கு முட்டை பொரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். இதில் சரி எது தப்பு எது என்று ஏலகிரித் தம்பி சொல்லட்டும், எனக்குத் தெரியவில்லை. போகாமல் இருந்தால் அந்த வீட்டுக்கு அந்த 30ம் இல்லை என்பது மட்டும் தெரியும்.

சாப்பாட்டுக்கு அம்மா கவலைப்பட வேண்டாம். கறுப்பு பீன்ஸும் சோறும்தான் அவர்களுக்கு அடிப்படை. பீன்ஸில் பன்றிக்கறித் துண்டு போடுவது வழக்கம், "சின் கார்னே" என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். மரவள்ளிக்கிழங்கை வேகவைத்துப் பூண்டும் எலுமிச்சையும் ஊற்றிக் கொடுப்பார்கள். வாழைக்காயைத் தட்டி இரண்டு தடவை பொரிப்பார்கள். சேப்பங்கிழங்கு மாதிரி ஒன்று. உப்பு இருக்கும், காரம் என்பதே இருக்காது. ஒரு டப்பா பருப்புப் பொடி, ஒரு டப்பா பூண்டுத் தொக்கு போதும். சாப்பாட்டுப் பொருள், மருந்து, சோப்பு இவற்றைத் தீர்வை இல்லாமல் கொண்டுவர 2021 ஜூலையில் விட்டார்கள், அதைத் தொடர்ந்து நீட்டித்தும் வந்திருக்கிறார்கள். கிளம்பும் முன் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். கரும்புச் சாறும் உண்டு, குவாராபோ. எண்பதுகளில் வருஷத்துக்கு எழுபது எண்பது லட்சம் டன் சர்க்கரை எடுத்த தீவு இப்போது வெளியிலிருந்து சர்க்கரை வாங்குகிறது. அம்முண்டி ஆலைக்கு வரிசை கட்டி நிற்கிற கரும்பு வண்டிகளைப் பார்த்து வளர்ந்தவளுக்கு அதுதான் நம்ப முடியாமல் போனது. இன்னொன்று, காலையில் தெருவில் ஒருத்தன் "தமாஆஆல்" என்று கூவிக்கொண்டு போனான். எங்கள் வீட்டுக்காரர் யாரோ தமிழாள் என்று பனியனோடு வாசலுக்கு ஓடினார். மக்காச்சோள மாவைத் தோகையில் கட்டி அவிக்கிற பண்டம் அது, தமால். நம்ம பூரணக் கொழுக்கட்டையின் ஒன்றுவிட்ட தம்பி, உப்புப் போட்டது.

இப்போது முக்கியமான விஷயம். நைனாவுக்கு சாண்டா கிளாரா என்றால் அம்மாவுக்கு வின்யாலெஸ். அதை ஒரு நாளில் முடித்துவிடாதீர்கள். சிவப்பு மண், மாடு பூட்டி உழுகிறார்கள், நடுநடுவே உருண்டை உருண்டையாகச் சுண்ணாம்பு மலை. ஜனவரி, பிப்ரவரியில் புகையிலை நிற்கும். பனையோலைக் கூரை போட்ட கொட்டகைக்குள் இலையைக் கழியில் கோத்துத் தொங்கவிட்டிருப்பார்கள், உள்ளே நுழைந்ததும் மூக்கில் ஏறும். விளைந்ததில் பத்தில் ஒன்பது பங்கு அரசாங்கத்துக்கு, அவர்கள் சொல்கிற விலையில். மீதி ஒரு பங்கில் விவசாயி தனக்கும் வருகிறவர்களுக்கும் சுருட்டு சுற்றிக் கொடுக்கிறார்.

ஹவானாவில் சுருட்டு ஆலை பார்க்க டிக்கெட் உண்டு, பெரிய ஓட்டல்களில் விற்பார்கள். போட்டோ எடுக்க விட மாட்டார்கள். பள்ளிக்கூட பெஞ்ச் மாதிரி வரிசையாகப் பலகை. ஒவ்வொரு பலகைக்கும் ஒரு ஆள், பாதிக்குப் பாதி பெண்கள். அரைநிலா வடிவத்தில் பிடியில்லாத ஒரு கத்தி. மூன்று வகை இலையை உள்ளே வைத்து, ஒரு இலையால் கட்டி, மேலே ஒரு மெல்லிய இலையை நரம்பு தெரியாமல் சுற்றி, விரல் நுனியில் துளி பசை தொட்டு முனையை மூடுகிறாள். கை பார்க்கவே இல்லை. காது வேறு இடத்தில் இருக்கிறது. ஏனென்றால் முன்னால் மேடையில் ஒருத்தர் உட்கார்ந்து மைக்கில் படித்துக்கொண்டிருக்கிறார். காலையில் பேப்பர், அப்புறம் நாவல். 1865ல் ஆரம்பித்த வழக்கமாம். அந்தக் காலத்தில் படிப்பவருக்குக் கூலியைத் தொழிலாளிகளே தங்கள் கூலியிலிருந்து போட்டுக் கொடுத்தார்கள். எந்தக் கதை என்பதையும் அவர்களேதான் முடிவு செய்வார்கள். பிடித்த இடம் வந்தால் கைதட்ட மாட்டார்கள், கை காலியாக இல்லையே. கத்தியைப் பலகையில் தட்டுவார்கள். நாங்கள் நின்றபோது ஒரு தடவை அந்தச் சத்தம் கேட்டது. என்ன படித்தார் என்று எனக்குப் புரியவில்லை, என் வீட்டுக்காரர் மட்டும் புரிந்த மாதிரி தலையாட்டினார். கண்ணூர்ப் பக்கம் பீடிக் கூடங்களிலும் இப்படிப் பேப்பர் படிக்கிற ஆள் இருந்தார் என்பார்கள். அம்மாவிடம் கேளுங்கள், உங்கள் பக்கம் உண்டா என்று.

சாண்டா கிளாரா திங்கட்கிழமை போகாதீர்கள், மூடியிருக்கும். உள்ளே பை, கேமரா கூடாது, சத்தமாகப் பேசக் கூடாது. 1997ல் பொலிவியாவிலிருந்து சேகுவேராவின் எலும்புகளைக் கொண்டுவந்து வைத்த இடம். இரண்டு நிமிஷத்தில் வெளியே வந்துவிடலாம், நைனாவை அரை மணி நேரம் விட்டுவிடுங்கள். அப்புறம் ஊருக்குள் அந்த ரயில் பெட்டிகள். 1958 டிசம்பரில் ஆயுதத்தோடு வந்த அரசாங்கப் பட்டாளத்து ரயிலை, சேகுவேராவின் ஆட்கள் தண்டவாளத்தை புல்டோசரால் பெயர்த்துக் கவிழ்த்தார்கள். அந்த மஞ்சள் புல்டோசர் மேடை மேல் நிற்கிறது. என் வீட்டுக்காரர் சேகுவேராவை விட்டுவிட்டு அதோடுதான் போட்டோ எடுத்துக்கொண்டார்.

போலீஸ், மிலிட்டரி ஆட்களைப் போட்டோ எடுக்கக் கூடாது. அரசியலை நீங்களாக ஆரம்பிக்காதீர்கள். அவர்களாகவே ஆரம்பிப்பார்கள், கதவைச் சாத்திவிட்டு. நைனாவிடம் இதை முன்பே சொல்லி வையுங்கள். வெளியிலிருந்து வந்து அவர்களுக்கே புரட்சியைப் பற்றிப் பாடம் எடுத்தால் முகம் மாறிவிடும். நான் கண்ணால் பார்த்தேன், எங்களோடு வண்டியில் வந்த ஒரு இத்தாலிக்காரர் அப்படித்தான் ஆரம்பித்தார். டிரைவர் பாட்டு சத்தத்தைக் கூட்டிவிட்டார்.

என்ன கொண்டுபோவது என்று கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். நான் சோப்பு, பாராசிட்டமால், ஊசி நூல், பேனா எல்லாம் ஒரு பை கொண்டுபோனேன். டிரினிடாடில் எங்கள் வீட்டுக்கார அம்மா எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டு, அடுப்பங்கரைக்குக் கூட்டிப் போய் குக்கரைக் காட்டினார். பீன்ஸ் வேக அங்கே குக்கர் இல்லாமல் ஆகாது. மூடி ரப்பர் வெடித்துப்போய், சைக்கிள் டியூபை வெட்டி வைத்து, மேலே துணியைச் சுற்றி அழுத்தியிருந்தார். ஆவி ஒரு பக்கமாகச் சீறிக்கொண்டு போகிறது. எனக்கு ஸ்பானிஷ் தெரியாது, அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. ஒரு வெள்ளை நூலை எடுத்து மூடியைச் சுற்றி அளந்து, முடிச்சுப் போட்டு என் கையில் வைத்து விரலை மடக்கினார். ஊருக்கு வந்து ராணிப்பேட்டையில் மூன்று கடை ஏறினேன், வாங்கியும் விட்டேன், அனுப்ப வழியில்லை. தபாலில் போட்டால் போய்ச் சேருமா என்று யாரும் உறுதி சொல்லவில்லை. டிரினிடாட் போவதானால் அந்த வீட்டிலேயே தங்குங்கள், விலாசம் தனியாக அனுப்புகிறேன்.

ஏலகிரிக் காத்து, ஜோலார்பேட்டை

அக்கா, நான் கேட்டதை வாபஸ் வாங்கவில்லை. ஆனால் நைனா கோதுமைக் கணக்கு கேட்பதில் தப்பில்லை. போய்விட்டு வந்து அந்தக் கதவு சாத்திய பேச்சையும் மறைக்காமல் எழுதுங்கள் தம்பி.

பீடிக்கட்டு, குடியாத்தம்

எழுதுகிறேன் அண்ணே. தேதி முடிவாகிவிட்டது, பொங்கல் முடிந்து மூன்றாம் நாள் கிளம்புகிறோம். சாண்டியாகோவும் வரதேரோவும் போச்சு. வின்யாலெஸ் மூன்று நாள். தம்பி வரவில்லை. வக்கீல் பெயரைச் சொன்னதும் அவனே பின்வாங்கிவிட்டான்.

அக்கா எழுதிய ஆலைக் கதையை அம்மாவுக்குப் படித்தேன். முறத்தை மடியில் வைத்துக்கொண்டு முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். முழுக்கக் கேட்டுவிட்டு, "எங்களுக்கு யாரு படிச்சாங்க, ஓனர் திட்டறதுதான் பாட்டு" என்றார். அப்புறம், "ஒரு நாளைக்கு எத்தனை சுத்துவாளாம்?" தேடிப் பார்த்து, நூறு அளவுக்கு என்றேன். "நூறா? நான் ஆயிரம் கட்டி, இலை வெட்டி, உனக்குச் சோறும் ஊட்டினேன். ஆயிரத்துக்கு என்னா கூலின்னு கேளு." அக்கா, உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அங்கே போய் அம்மாவே கேட்டுக்கொள்வார் போலிருக்கிறது.

நைனா மூன்று நாளாகச் 'சின் அசூகர்' என்று சொல்லிப் பழகுகிறார். டீக்கடையிலும் அப்படியே கேட்டிருக்கிறார். மாஸ்டர் இரண்டு ஸ்பூன் கூடப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

குக்கர் ரப்பர் நாங்கள் எடுத்துப் போகிறோம். ஞாயிற்றுக்கிழமை ராணிப்பேட்டை வந்து வாங்கிக்கொள்ளட்டுமா? அம்மா இன்னும் இரண்டு சேர்த்து வாங்கிக் கொடுத்தால் பக்கத்து வீட்டுக்கும் ஆகும் என்கிறார். அதற்காக இங்கே பஜாரில் பாத்திரக்கடையில் கேட்டேன். ஒரு கேள்வி கேட்டார், எனக்குப் பதில் தெரியவில்லை: அந்த நூல் மூடியின் உள்சுற்றில் அளந்ததா, வெளிச்சுற்றில் அளந்ததா?

மக்கன்பேடா, ராணிப்பேட்டை

ஞாயிற்றுக்கிழமை வா தம்பி, சாப்பிட்டுப் போகலாம். நூலைப் பர்ஸிலிருந்து எடுத்து இப்போது அளந்தேன், முடிச்சு வரைக்கும் 63 சென்டிமீட்டர். வெளிச்சுற்று என்றுதான் ஞாபகம். நான் வாங்கியதும் அதற்குத்தான். நீ கேட்ட பிறகு சந்தேகம் வந்துவிட்டது. இரண்டு அளவிலும் வாங்கிவிடு.